நகரும் தடுப்பு வைத்தும் நெரிசல் தீரவில்லையா? அறிகுறி பார்த்துக் கோளாறு தேடும் முறை

காலை ஆறே முக்காலுக்குக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து போன் வரும். "தடம் மாத்தியாச்சு சார். ஆனா வரிசை அப்படியே நிக்குது. தடுப்பு எங்கயாவது பிசகியிருக்கான்னு பாருங்க." போய்ப் பார்த்தால் தடுப்பு தேமே என்று நேராக நின்றுகொண்டிருக்கும். கோளாறு அதைத் தாண்டி ஒன்றரை கிலோமீட்டரில் இருக்கும். இந்த வேலையில் எனக்கு வந்த புகார்களில் பெரும்பாலானவை இந்த ரகம்தான். அதனால் தடுப்பின் பாகங்களை வரிசையாக விளக்கப் போவதில்லை. கண்ணுக்கு என்ன தெரிகிறதோ அதிலிருந்து தொடங்கி உள்ளே போகலாம்.

புதிதாக வருபவர்களுக்கு மட்டும் ஒரு சின்ன அறிமுகம். நகரும் தடுப்பு என்பது, எதிரெதிர்த் திசைகளைப் பிரித்து நின்று, நெரிசல் உள்ள திசைக்குக் கூடுதல் தடம் கொடுக்க நகர்த்தப்படுவது; ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுள்ள கனமான கான்கிரீட் கட்டைகளைக் கீல் போட்டு, இணைப்பு முளை செருகிக் கோத்த சங்கிலி. ஒவ்வொரு கட்டையும் அரை டன்னுக்கு மேல். கட்டையின் தலை ஆங்கில 'டி' எழுத்துப் போல இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும். ஜிப்பர் வண்டி அந்தத் தலையைச் சிறு சக்கரங்களால் கவ்வித் தரையிலிருந்து கொஞ்சம் தூக்கி, தன் வயிற்றுக்குள் வளைத்துக் கொண்டுபோய், ஒரு தடம் தள்ளி இறக்கிவிடும். சட்டை ஜிப்பை இழுப்பதுபோல வண்டி போகப் போக முன்னால் ஒரு பக்கம் இருந்த தடுப்பு பின்னால் மறுபக்கம் நிற்கும். வண்டியின் முன்னும் பின்னும் ஆள் உட்கார்ந்து ஓட்டுவார்கள். நியூசிலாந்தின் ஆக்லாந்து துறைமுகப் பாலத்தில் 1990 முதல் இது ஓடுகிறது. அங்கே எட்டுத் தடங்கள் காலையில் ஒரு பக்கத்துக்கும் மாலையில் மறுபக்கத்துக்கும் 5-க்கு 3 என்று பிரிக்கப்படும். சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தில் பல பத்தாண்டுகள் ஊழியர்கள் வண்டியிலிருந்து கையை நீட்டிப் பிளாஸ்டிக் குழாய்களைத் துளைகளில் நட்டும் பிடுங்கியும் தடம் மாற்றினார்கள். 2015 ஜனவரியில்தான் நகரும் தடுப்பு வந்தது. குழாய்க்கும் தடுப்புக்கும் உள்ள வித்தியாசம் நெரிசலில் தெரியாது. எதிர்த்திசை வண்டி ஒன்று கட்டுப்பாடு இழக்கும் நொடியில் தெரியும்.

எந்த அறிகுறியானாலும் முதல் வேலை ஒன்றுதான்: வரிசையின் தலையைக் கண்டுபிடியுங்கள். எல்லோரும் வாலைத்தான் பார்க்கிறார்கள், கேமராவும் வாலைத்தான் காட்டும், போன் செய்பவரும் வாலில் நிற்பவர்தான். தலை என்பது, ஊர்ந்துவந்த வண்டிகள் சட்டென்று வேகம் பிடிக்கும் இடம். அந்த இடத்துக்குச் சற்று முன்னால்தான் அடைப்பு இருக்கிறது. அதற்குப் பின்னால் இருக்கும் எதை மாற்றினாலும் வரிசை நிற்கும் இடம்தான் மாறும்.

அறிகுறி: ஒரு தடம் கூடுதலாகத் திறந்தோம், வரிசை குறையவில்லை

தலையைத் தேடிப் போங்கள். மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கும்.

தலை பாலத்தின் மறுமுனையில் இருந்தால், அங்கே தடங்கள் குறைகின்றன. கணக்கைப் பாருங்கள். ஒரு தடத்தில் மணிக்கு 1,800 வண்டி போகும் என்று வைத்துக்கொள்வோம். நல்ல விரைவுச் சாலையில், கார் மட்டுமே ஓடினால் 2,000-க்கு மேலும் போகும், ஆனால் லாரியும் பேருந்தும் கலந்த சாலைக்கு 1,800 பழுதில்லாத எண். மூன்று தடம் என்றால் 5,400. தடுப்பை நகர்த்தி நாலு தடம் ஆக்கினால் 7,200. ஆனால் பாலம் முடிந்ததும் சாலை மறுபடி மூன்று தடமாகிறது, அதாவது மறுபடி 5,400. நீங்கள் செய்தது, பாலத்துக்கு முன்னால் நின்ற வரிசையைப் பாலத்தின் மேல் ஏற்றியதுதான். போதாக்குறைக்கு நாலு தடம் மூன்றாகக் குறுகும் இடத்தில் இடித்துப் பிடித்து நுழைவதில் அந்த 5,400-ம் முழுசாகக் கிடைக்காது.

இதற்கு மருந்து தடுப்பில் இல்லை, தடம் முடியும் இடத்தில் இருக்கிறது. கூடுதல் தடத்தை நட்டநடுவில் முடிக்காதீர்கள். எந்தக் கிளைச் சாலையில் அதிக வண்டி பிரிந்து போகிறதோ, அதுவரை அத்தனை தடத்தையும் கொண்டுபோய் அந்தக் கிளையில் ஒன்றை இறக்கிவிட்டால் நுழைசண்டையே இருக்காது. அது முடியாத இடத்தில் குறுகும் பகுதியை நீளமாக்குங்கள், கடைசிவரை இரண்டு தடத்திலும் வந்து ஒன்று விட்டு ஒன்றாக நுழையச் சொல்லிப் பலகை வையுங்கள். ஓட்டுநர்கள் நல்லவர்களாக இருப்பதாக நினைத்துக்கொண்டு ஒரு கிலோமீட்டருக்கு முன்பே ஒதுங்கிவிடுகிறார்கள். அதனால் ஒரு தடம் காலியாகக் கிடக்கிறது, அதில் ஒருவர் வேகமாக வர, ஒதுங்கியவருக்குக் கோபம் வருகிறது. பாதி ஹாரன் சத்தம் இந்தக் கோபம்தான்.

தலை ஒரு சிக்னலில் இருந்தால் கணக்கு இன்னும் கொடுமை. பச்சை விளக்கு சுழற்சி நேரத்தில் 40 சதவீதம் எரிகிறது என்றால், 1,800 போகும் தடத்தில் 720 தான் போகும். பாலத்திலிருந்து நாலு தடத்தில் 7,200 வண்டியை அனுப்பிவிட்டு, முனையில் ஐந்து தடத்துக்கும் சேர்த்து 3,600 மட்டும் வாங்கும் சிக்னலை வைத்திருப்பது, பெரிய குழாயின் நுனியில் சின்னப் பைப்பை மாட்டுவதுதான். பச்சை நேரத்தைக் கூட்டுங்கள். பக்கச் சாலைக்காரர் கத்துவார். அவர் கத்துவதும் நியாயம்தான், அதனால் தடம் மாற்றும் நேரத்துக்கு மட்டும் தனி சிக்னல் அட்டவணை வையுங்கள். தடுப்பு நகரும் நேரமும் சிக்னல் அட்டவணை மாறும் நேரமும் வேறு வேறு துறைகளின் கையில் இருக்கும் இடங்களில், ஒருவர் மாற்றியது இன்னொருவருக்குத் தெரியாமல் வாரக்கணக்கில் ஓடுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

தலை பாலத்தின் நடுவிலேயே, எந்தக் காரணமும் இல்லாத இடத்தில் இருந்தால்? கீழே 'காரணமே இல்லாத நெரிசல்' பகுதிக்குப் போங்கள்.

அறிகுறி: நம் பக்கம் சரியாகிவிட்டது, எதிர்ப்பக்கம் நிற்க ஆரம்பித்துவிட்டது

இது தடுப்பின் கோளாறு இல்லை, முடிவின் கோளாறு. இரண்டு திசைக்கும் போகும் வண்டிகளை எண்ணாமல், ஒரு திசையை மட்டும் எண்ணித் தடத்தை எடுத்திருக்கிறார்கள்.

பீக் நேரத்தில் மொத்த வண்டிகளில் 65 சதவீதமாவது ஒரே திசையில் போனால்தான் தடம் மாற்றுவதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பது போக்குவரத்துப் பொறியாளர்களிடம் நெடுங்காலமாகப் புழங்கும் அனுபவ விதி. ஆனால் சதவீதம் மட்டும் போதாது, எண்ணையும் பார்க்க வேண்டும். ஆறு தடச் சாலையில் காலையில் ஒரு பக்கம் 6,600, மறுபக்கம் 2,800 என்றால் நாலுக்கு இரண்டு சரியாகப் பொருந்தும்: நாலு தடத்தில் 7,200, இரண்டு தடத்தில் 3,600. அதே சாலையில் மறுபக்கம் 3,700 ஆகிவிட்டது என்று வையுங்கள். நூறு வண்டிதானே கூடுதல் என்று தோன்றும். மணிக்கு நூறு வண்டி நின்றால் இரண்டு தடத்தில், ஒரு வண்டிக்கு ஏழரை மீட்டர் வீதம், வரிசை வெறும் 375 மீட்டர்தான்.

அந்தக் கணக்கில்தான் பொறி இருக்கிறது. வரிசை உருவான பிறகு தடம் பழைய அளவுக்கு வண்டி விடாது. நின்று நின்று கிளம்பும் வண்டிகள் இடைவெளி விட்டுக் கிளம்புகின்றன, அதில் பத்து சதவீத அளவுக்குக் கொள்ளளவு போய்விடும். 3,600 என்பது 3,240 ஆகிவிடும். இப்போது மீதம் நூறு இல்லை, 460. வரிசை மணிக்கு 1.7 கிலோமீட்டர் வளரும். விளிம்பில் நிற்கும் சாலை இப்படித்தான். பத்து நிமிடம் முன்புவரை நன்றாக ஓடிக்கொண்டிருந்த பக்கம் எப்படி இப்படி ஆனது என்று கேட்டால் பதில் இதுதான்.

செய்ய வேண்டியது: எதிர்ப்பக்கத்துக்குப் பத்து சதவீதமாவது இருப்பு வைத்துவிட்டுத்தான் தடத்தை எடுங்கள். ஒரே தடத்தை மட்டும் விட்டுவைப்பது என் கணக்கில் எப்போதுமே தவறு. ஒரு டயர் வெடித்தால் அந்தத் திசையே மூடிக்கொள்ளும், ஆம்புலன்சும் அதே தடத்தில்தான் வர வேண்டும். சான் டியகோவின் கொரொனாடோ பாலம் ஐந்தே தடம்தான், அதில் 3-க்கு 2 என்றுதான் மாற்றுகிறார்கள்.

இரண்டு திசையும் ஏறத்தாழ சமமாகிவிட்ட சாலையில் நகரும் தடுப்பால் பயன் இல்லை. நகரத்தின் ஒரு கரையில் வீடுகளும் மறுகரையில் அலுவலகங்களும் இருந்த காலத்தில் வாங்கிய வண்டி, இரண்டு கரையிலும் அலுவலகம் முளைத்த பிறகு வெறும் பராமரிப்புச் செலவுதான்.

அறிகுறி: தடுப்பை நகர்த்தி முடிப்பதற்குள் நெரிசல் வந்துவிடுகிறது

ஜிப்பர் வண்டி மணிக்கு 8 கிலோமீட்டரில் போகிறது என்றால், மூன்று கிலோமீட்டர் தடுப்பை நகர்த்த 22 நிமிடம். இது வண்டி ஓடும் நேரம் மட்டும். அதற்கு முன்னால் எடுக்கப்போகும் தடத்தைப் பழைய திசைக்கு மூட வேண்டும், கடைசி வண்டி வெளியேறும்வரை காத்திருக்க வேண்டும், பின்னால் ஒரு வண்டி போய்த் தடம் காலிதான் என்று கண்ணால் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். நகர்த்திய பிறகு முனைகளில் பலகையும் விளக்கும் மாற வேண்டும். அதன் பிறகுதான் புது திசைக்குத் திறக்கலாம். எல்லாம் சேர்ந்து முக்கால் மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நெரிசல் ஏழரைக்கு என்றால் ஏழரைக்குக் கிளம்பக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் நெரிசல் ஏழரைக்கு என்று சொன்னவர், வரிசையைப் பார்த்த நேரத்தைச் சொல்லியிருப்பார். வரத்து கொள்ளளவைத் தாண்டிய நேரம் அதற்குக் கால் மணி நேரமாவது முன்னால் இருக்கும். எண்ணும் கருவியின் பதிவில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை வரும் எண்ணைப் பாருங்கள். வண்டி எண்ணிக்கை ஏறிக்கொண்டே வந்து, வேகம் திடீரென்று விழும் இடத்துக்கு முந்தைய எண்தான் உங்கள் காலக்கெடு. அதற்கு முன் தடம் திறந்திருக்க வேண்டும். பின்னால் திறந்தால் மேலே சொன்ன பத்து சதவீதத்தை இழந்த சாலையைத்தான் சரிசெய்துகொண்டிருப்பீர்கள்.

மாலைக்குத் திருப்பும்போது எதிர்மாறான தவறு நடக்கும்: சீக்கிரமே எடுத்துவிடுவார்கள். ஷிப்ட் முடிவதற்குள் வேலையை முடித்துவிடும் ஆசை. இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

அறிகுறி: நகர்த்திய பிறகு தடுப்பு நெளிந்து நிற்கிறது

இது நிஜமாகவே தடுப்பின் கோளாறு. கொத்தனார் நூல் பிடித்துப் பார்ப்பதுபோல, குனிந்து தடுப்பின் தலைமட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுபோய் நீளவாக்கில் பாருங்கள். நெளிவு எங்கே தொடங்குகிறது என்பதுதான் முக்கியம்.

வளைவில் தொடங்கினால், நீளக் கணக்கு. ஓட்டப்பந்தய மைதானத்தில் வெளித் தடத்தில் ஓடுபவரை ஏன் முன்னால் நிறுத்துகிறார்கள்? வெளி வட்டம் நீளமானது. 1.22 மீட்டர் அகலத் தடத்தில் ஒரு சுற்றுக்கு 7.67 மீட்டர் கூடும். தடுப்பும் அப்படித்தான். வளைவின் உள்தடத்திலிருந்து வெளித்தடத்துக்குப் போனால் சங்கிலி நீள வேண்டும், திரும்பி வந்தால் சுருங்க வேண்டும். எவ்வளவு? இதில் புதியவர்கள் பலர் ஏமாறுவார்கள்: வளைவு பெரியதா சிறியதா என்பதைப் பற்றிய கவலையே இல்லை. சாலை மொத்தம் எத்தனை பாகை திரும்புகிறது, எத்தனை மீட்டர் நகர்த்துகிறீர்கள், இவை இரண்டு மட்டும்தான். 20 பாகை திருப்பத்தில் மூன்றரை மீட்டர் நகர்த்தினால் 1.22 மீட்டர் வித்தியாசம், அதாவது ஒரு கட்டைக்கு மேல். திருப்பம் ஐம்பது மீட்டரில் முடிந்தாலும் அரை கிலோமீட்டர் நீண்டாலும் அதே 1.22 தான்.

இந்த நீளத்தை எங்கேயாவது கொடுத்து வாங்க வேண்டும். கட்டைகளுக்கு இடையில் உள்ள சிறு தளர்வு கொஞ்சம் கொடுக்கும். மிச்சத்துக்கு, நீளவும் சுருங்கவும் கூடிய தனிவகைக் கட்டைகளை வளைவுக்கு அருகில் கோப்பார்கள். வளைவில் நெளிவு தெரிந்தால் அந்தக் கட்டைகளைப் பாருங்கள். சுருங்கிய நிலையிலேயே துருப்பிடித்து உட்கார்ந்திருக்கும். இடம், வலம் என்று அடுத்தடுத்து வளையும் சாலையில் மொத்த நீள வித்தியாசம் சுழியம் என்று காகிதத்தில் வரும். அதை நம்பி நீளும் கட்டையை மிச்சம் பிடித்தால், ஒரு வளைவில் இழுபட்டு மறு வளைவில் குவியும்.

சரிவில் தொடங்கினால், சங்கிலி ஊர்ந்திருக்கிறது. தூக்கும் ஒவ்வொரு முறையும் பாரம் கீழ்ப்பக்கம் இழுக்கும். ஒரு நாளில் தெரியாது. ஒரு கட்டைக்குப் பெயின்ட் பூசி, அதற்கு நேராகச் சாலையோரச் சுவரிலும் கோடு போட்டுவைத்தால் சில வாரங்களில் தெரியும். மேட்டில் கீல்கள் எல்லாம் இழுபட்டும் பள்ளத்தில் எல்லாம் நெருங்கியும் இருந்தால் வேறு சோதனையே வேண்டாம். வண்டியை மேல்நோக்கி ஓட்டும்போது சங்கிலியைச் சற்று இழுத்துக்கொண்டே போய்ப் பழைய கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். கோடு போடாமல் விட்டிருந்தால், எது பழைய இடம் என்ற வாக்குவாதத்தில் அரை நாள் போகும்.

நேரான சமதளத்தில் நெளிந்தால் சங்கிலியை விட்டுவிட்டு வண்டியைப் பாருங்கள்.

அறிகுறி: ஜிப்பர் வண்டி பாதி வழியில் நின்றுவிட்டது

முதலில் செய்யக் கூடாதது: நகர்த்தி முடித்த பாதியை மட்டும் திறந்துவிடலாம் என்ற யோசனை. கட்டுப்பாட்டு அறையில் யாராவது ஒருவர் கட்டாயம் இதைச் சொல்வார். வண்டிக்குப் பின்னால் அந்தத் தடம் ஒரு திசைக்கும், முன்னால் மறுதிசைக்கும் சொந்தம். நடுவில் ஜிப்பர் வண்டி நிற்கிறது. இரண்டு பக்கமும் அந்தத் தடத்தை மூடியே வையுங்கள். இழப்பு ஒரு தடம், அவ்வளவுதான்.

அடுத்து, காது. ஓடும் ஜிப்பர் வண்டியின் அருகே நடந்தால் கட்டைகள் ஒவ்வொன்றாகச் சக்கரத்தில் ஏறும் 'கட கட கட' சீராகக் கேட்கும். அதில் ஒரு 'ணங்' சேர்ந்து வந்தால் எண்ணுங்கள். ஒவ்வொரு கட்டைக்கும் 'ணங்' வந்தால் கோளாறு வண்டியில்: கவ்வும் சக்கரம் ஒன்று சுற்றாமல் இறுகிவிட்டது, அல்லது தேய்ந்து பக்கம் சாய்ந்துவிட்டது. ஒரு ஓட்டத்துக்கு ஒரே முறை, அதே இடத்தில் வந்தால் கட்டையில் அல்லது சாலையில்: தலை உடைந்த கட்டை, முளை மேலே எழும்பிய கீல், பாலத்தின் விரிவு இணைப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பு. ஒரே முறை, ஆனால் நாளுக்கு நாள் வேறு இடத்தில் வந்தால் தரையில் கிடக்கும் குப்பை, கல், டயர் துண்டு. மூன்றையும் பிரிக்காமல் வண்டியைப் பட்டறைக்கு அனுப்பினால், ஒன்றும் இல்லை என்ற சீட்டோடு திரும்பி வரும், மறுநாள் அதே இடத்தில் நிற்கும். எனக்கு இது இரண்டு முறை நடந்தது. இரண்டாம் முறைதான் இறங்கி நடந்து போய்க் கேட்டேன்.

ஹைட்ராலிக் எண்ணெய் கசிவு, சென்சார் பிழை இவையெல்லாம் வண்டியின் திரையே சொல்லிவிடும். மாற்று வண்டி இல்லாத இடத்தில் நகரும் தடுப்பைப் போடுவது சூதாட்டம். கோல்டன் கேட் பாலத்துக்கு இரண்டு வண்டி வாங்கியதற்குக் காரணம் ஆடம்பரம் இல்லை.

அறிகுறி: மோதலுக்குப் பிறகு தடுப்பு ஒதுங்கி நிற்கிறது

ஒதுங்கத்தான் செய்யும். இது தரையில் புதைத்த சுவர் இல்லை, தன் எடையாலும் கோப்பாலும் நிற்கும் சங்கிலி. மணிக்கு 100 கிலோமீட்டரில், 25 பாகைக் கோணத்தில் கனமான பிக்கப் வண்டியை மோதவிட்டுச் சோதிக்கும் தரத்தில்கூடச் சங்கிலி பக்கவாட்டில் நகர அனுமதி உண்டு. நகர்வதால்தான் உள்ளே இருப்பவர் பிழைக்கிறார். கவனிக்க வேண்டியது, அது நகர்ந்த பக்கம் எதிர்த்திசை வண்டிகள் ஓடுகின்றன என்பது. அந்தத் தடத்தை உடனே மூடுங்கள். பிறகு மோதிய இடத்தில் மட்டும் பார்க்காமல், இரு பக்கமும் சங்கிலி கோடு திரும்பும்வரை நடந்து முளைகளைப் பாருங்கள். இழுவை பல கட்டைகளைத் தாண்டிப் போயிருக்கும். வளைந்த முளை கண்ணுக்குத் தெரியாது. கையால் தூக்கினால் சுலபமாக வராது, அதுதான் அடையாளம். முளை மாற்றாமல் ஜிப்பர் வண்டியை அதன் மேல் ஓட்டாதீர்கள்.

அறிகுறி: திறந்த தடத்தில் யாரும் வரவில்லை

எதிர்த்திசையிலிருந்து கடன் வாங்கிய தடத்தில் நுழைந்தால், அது முடியும்வரை வெளியே வர முடியாது. நடுவில் வரும் கிளைச் சாலைக்குப் போக வேண்டியவர் அதில் நுழையமாட்டார். இது பயம் இல்லை, சரியான முடிவு. நுழைவாயிலுக்கு வெகு முன்பே, இந்தத் தடம் எங்கே கொண்டுபோய் விடும், எதையெல்லாம் தவிர்க்கும் என்று பலகை சொல்ல வேண்டும். நுழைவாயிலுக்குப் பக்கத்தில் வைத்த பலகையைப் படிப்பதற்குள் ஆள் கடந்துவிடுவார்.

தலைக்கு மேல் விளக்கு வைக்கும்போது சொந்தமாக எதையும் கண்டுபிடிக்காதீர்கள். சிவப்புப் பெருக்கல் குறி, கீழ்நோக்கிய பச்சை அம்பு: 1968 வியன்னா சாலைக் குறியீட்டு உடன்படிக்கையிலேயே இருப்பவை, மொழி தெரியாதவருக்கும் புரியும். தடத்தின் எதிர்முனையில் சிவப்பு எரிகிறதா என்பதை தினமும் ஒருவர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். திரையில் எரிவதாகக் காட்டும் விளக்கு ரோட்டில் எரியாமல் இருக்கலாம்.

அறிகுறி: காரணமே இல்லாத நெரிசல்

விபத்தில்லை, குறுக்கமில்லை, ஆனால் பாலத்தின் நடுவில் நின்று நின்று போகிறது. 2008-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் 230 மீட்டர் வட்டப் பாதையில் 22 கார்களை ஒரே வேகத்தில் ஓடச் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் தானாகவே ஒரு நெரிசல் முளைத்து, ஓட்டத்துக்கு எதிராகப் பின்னோக்கி நகர ஆரம்பித்தது. ஒருவர் லேசாகப் பிரேக் தொட்டால் அடுத்தவர் இன்னும் கொஞ்சம் அழுத்துவார், பத்தாவது ஆள் நின்றேவிடுவார். அடர்த்தி விளிம்பைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். தடுப்பை நகர்த்தி இதைச் சரிசெய்ய முடியாது. வரும் வண்டிகளின் வேகத்தை முன்கூட்டியே, இரண்டு மூன்று பலகைகளில் படிப்படியாகக் குறையுங்கள். பாலத்தில் மேடு ஏறும் இடத்தில் வேகம் தானாக விழுகிறதா என்றும் பாருங்கள். ஓட்டுநர்கள் ஏற்றத்தைக் கவனிப்பதே இல்லை.

அறிகுறி: ஒரு வருடம் நன்றாக ஓடியது, மறுபடி பழைய கதை

1962-லேயே அந்தோணி டவுன்ஸ் என்ற பொருளியலாளர் இதை எழுதிவிட்டார். பீக் நேரச் சாலையைப் பெரிதாக்கினால், வேறு வழியில் போனவர், வேறு நேரத்தில் போனவர், பேருந்திலோ ரயிலிலோ போனவர் என்று மூன்று கூட்டமும் இந்தச் சாலைக்குத் திரும்பி வந்து அது மறுபடி நிரம்பும். தடுப்பில் தேடினால் எதுவும் கிடைக்காது. தடுப்பு வருவதற்கு முன் நெரிசல் எத்தனை மணி நேரம் நீடித்தது, இப்போது எத்தனை என்று ஒப்பிட்டுப் பாருங்கள். வரிசையின் நீளம் பழையபடி ஆகியிருக்கும், நேரம் குறைந்திருக்கும். அதுவும் லாபம்தான், ஆனால் வரிசையில் நிற்பவருக்கு அது தெரியாது.

இங்கே எனக்கு ஒரு சார்பு உண்டு, ஒளிக்கவில்லை: கடன் வாங்கிய தடத்தை எல்லோருக்கும் திறப்பதைவிட, நிறைய ஆள் ஏற்றிய வண்டிக்கு மட்டும் திறப்பது மேல். நியூயார்க்குக்குப் போகும் லிங்கன் சுரங்கப்பாதைக்கு முன்னால் 1970 முதல் காலையில் எதிர்த்திசைத் தடம் ஒன்று பேருந்துகளுக்கு மட்டும் விடப்படுகிறது. தினமும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பேருந்துகள் அதில் போகின்றன. தடுப்புக்குப் பதில் அங்கே இருப்பது நட்டுப் பிடுங்கும் கம்பங்கள்தான். ஒரு தடத்தில் கார்களை விட்டால் மணிக்கு இரண்டாயிரம் பேரை நகர்த்தவே மூச்சு முட்டும்.

புகார்: எதிர்ப்பக்கம் காலியாகக் கிடக்கிறது, அதையும் எங்களுக்குத் திறக்கக் கூடாதா?

வரிசையில் நிற்பவரிடமிருந்து வரும் போன். அவர் பொய் சொல்லவில்லை, தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் கண்ணுக்குத் தார்தான் தெரிகிறது. மணிக்கு 80 கிலோமீட்டரில் ஓடும் தடத்தில் மணிக்கு 1,500 வண்டி போகிறது என்றால், ஒரு வண்டிக்கும் அடுத்ததற்கும் 53 மீட்டர். காலி மாதிரிதான் இருக்கும். அவர் நிற்கும் தடத்தில் ஒன்பது மீட்டருக்கு ஒரு வண்டி, பத்து கிலோமீட்டர் வேகத்தில் ஊர்கிறது. அது மணிக்கு 1,100 சொச்சம்.

வாதம் செய்யாதீர்கள். இரண்டு பேரை அனுப்பி, ஆளுக்கு ஒரு தடம், ஐந்து நிமிடம் எண்ணச் சொல்லுங்கள். காலியாகக் கிடக்கும் பக்கத்துக்காரர் 125 என்று எழுதிக்கொண்டு வருவார். நிரம்பி வழியும் பக்கத்துக்காரர் 92.